காரைக்கால்: ஏடும் நினைவும்

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மலருக்கு ஊர் வரலாறு பற்றிய கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் பணித்தபோது, 1739-இல் தொடங்கி 1954-இல் முடிக்கும் வழக்கமான கட்டுரை ஒன்றையே எழுதித் தர எண்ணியிருந்தேன். அதற்குரிய குறிப்புகளும் கைவசம் இருந்தன. இடையில், சென்ற ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழாவை ஒட்டி, 1997-ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி முடித்துப் பிரிந்த எங்கள் வகுப்புத் தோழியர் ஒரு பகற்பொழுது முழுவதும் கூடியிருந்து பேசினோம். அப்பேச்சு என் குறிப்புகளின் வரிசையைக் கலைத்துவிட்டது. அன்று சொல்லப்பட்டவற்றுள் சில, ஆண்டுக் கணக்குக்கு ஒத்துவராதவை. சில, எந்த ஆவணத்திலும் இடம்பெற வாய்ப்பில்லாதவை. இரண்டையும் ஒதுக்கிவிட்டு இவ்வூரின் வரலாற்றை எழுத மனம் ஒப்பவில்லை. ஆகவே ஏட்டில் உள்ளதையும் தோழியர் நெஞ்சில் உள்ளதையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். அவரவர் இசைவு பெறாமல் பெயர்களை அச்சேற்றுவது முறையன்று என்பதால் பெயர் சுட்டாமலே எழுதுகிறேன்.

எங்கள் வகுப்பில் 41 பேர் பயின்றோம். அன்று கூடியவர் 23 பேர். மாதா கோயில் தெருவை அடுத்த ஒரு வீட்டின் மாடியில் பாய் விரித்து அமர்ந்திருந்தோம். முந்தைய நாள் பிச்சாண்டவர் வீதியுலாவின்போது மாடிகளிலிருந்து வீசப்பட்ட மாங்கனிகளைப் பிடித்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தனர் சிலர். சென்னை, திருப்பூர், ஓசூர், சிங்கப்பூர், துபாய், பாரிசின் வடபுறநகர் என்று அவரவர் வந்த ஊர்களைக் குறிப்பேட்டில் எழுதினேன். முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில் தொற்றிய பழக்கம் இது. எங்கே போனாலும் குறிப்பேடு கூடவே வரும், தோழியர் கேலி செய்தாலும் விடுவதில்லை. எழுதி முடித்தபோது, காரைக்காலிலேயே வாழ்பவர் அறுவர்தாம் என்பது புலப்பட்டது.

முதலில் எழுந்த பேச்சு ரயிலைப் பற்றியது. திருநள்ளாற்றுத் தோழி ஒருத்தி, தான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டு முழுவதும் ரயிலில்தான் பள்ளிக்கு வந்ததாகவும், எஞ்சின் கரி வெள்ளைச் சட்டையில் புள்ளி புள்ளியாக விழுந்ததாகவும், அதற்காக ஆசிரியையிடம் ஏச்சு வாங்கியதாகவும் மிகத் தெளிவாகச் சொன்னாள். நான்கைந்து பேர் தலையசைத்தனர். ஒருத்தி அந்த ரயிலின் ஊதல் ஓசையை எழுப்பிக்கூடக் காட்டினாள்.

பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த காரைக்காலையும் பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த பேரளத்தையும் இணைத்த அந்த மீட்டர் பாதை 1898-இல் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 23 கிலோமீட்டர். பிரெஞ்சு அரசுக்குரிய பாதையில் தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் வண்டி ஓட்டினர். அம்பகரத்தூரும் திருநள்ளாறும் இடைநிலையங்கள். நெல்லும் மக்களும் சனிப்பெயர்ச்சிக் கூட்டமும் அவ்வழியே வந்து சென்றன. 1980-களின் பிற்பகுதியில் வண்டி நிறுத்தப்பட்டது. பின்னர்த் தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன. நாங்கள் ஆறாம் வகுப்பில் சேர்ந்ததோ 1990-இல். அப்போது ஓடுவதற்கு ரயில் இல்லை. இதை நான் மெல்ல எடுத்துச் சொன்னபோது, அவள் சற்றும் தயங்காமல் கேட்டாள்: "அப்ப என் சட்டையில விழுந்த கரி எங்கேர்ந்து வந்துச்சு?"

அனைவரும் சிரித்தோம். வீட்டில் மூத்த அக்காள்மார் இருவர் அவ்வண்டியில் பள்ளிக்குச் சென்றவர்கள் என்பதைப் பிறகு அவளே சொன்னாள். அக்காளின் சட்டையைத் தங்கை அணிவது போல, அக்காளின் நினைவையும் அணிந்துகொண்டிருக்கிறாள். வரலாற்று மாணவர் இதைப் பிழை என்று குறித்து நகர்ந்துவிடலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. எங்கள் பள்ளிப் பருவம் முழுவதும் இம்மாவட்டத்தில் ரயில் என்பதே கிடையாது. 2011-இல் நாகூரிலிருந்து புதிய அகலப்பாதை வரும்வரை, ஊரைவிட்டுப் புறப்படுபவர்கள் பேருந்தில் நாகப்பட்டினத்துக்கோ மயிலாடுதுறைக்கோ சென்றே ரயிலேற வேண்டியிருந்தது. தண்டவாளம் பெயர்த்த மேட்டின் மீது நடந்துதான் எங்களுள் பலர் பள்ளிக்கு வந்தோம். இல்லாத ரயிலை அன்றாடம் மிதித்து நடந்த பிள்ளைகள், அந்த ரயிலில் தாமும் ஏறியதாக நினைவுகூர்வதில் வியப்பில்லை. இன்று பேரளம் தடத்திலும் மறுபடி பாதை இடப்பட்டுள்ளது. அதைப் பார்க்கத்தான் முதலில் போனேன் என்றாள் துபாய்த் தோழி.

பேச்சு ஒவ்வொருவராகத் தாம் ஊரைவிட்டுப் போன நாளுக்கே சுற்றிச் சுற்றி வந்தது. திருமணமாகிப் போன நாள், வேலைக்குப் போன நாள், கணவர் பின்னே விமானம் ஏறிய நாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, கீழே தெருவில் திருவிழாக் காணும் புனிதவதியார் கதையும் ஊரைவிட்டுப் போதலைப் பற்றியதே என்பது எனக்குப் புதிதாக உறைத்தது. சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதிய பெரியபுராணத்தில் பரமதத்தன் நாகப்பட்டினத்து வணிகர் மகன். காரைக்காலில் மணம்புரிந்து, மனைவியின் தெய்வத்தன்மை கண்டு அஞ்சி, வணிகத்தின் பெயரால் கலமேறிப் போகிறான். திரும்பி வந்தவன் பாண்டி நாட்டுப் பட்டினம் ஒன்றில் தங்கி வேறொருத்தியை மணந்து, பிறந்த பெண்மகவுக்குப் புனிதவதி என்று பெயர் வைக்கிறான். மாங்கனியைப் பற்றிப் பேசுவோர் இப்பெயரிடலைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. விட்டு வந்த ஊரையும் விட்டு வந்தவளையும் மறக்க இயலாதவன் அந்த நினைவை வைக்க வேறு இடமின்றி மகளின் பெயரில் வைத்தான் என்றே நான் படிக்கிறேன். துறைமுகம் உள்ள ஊரின் முதற்கதை இப்படித்தான் இருக்க இயலும் போலும்.

பிரெஞ்சு ஆட்சியின் பெருநிகழ்ச்சிகளை இங்கே சுருங்கச் சொல்லிச் செல்கிறேன். அவை பல நூல்களில் உள்ளவையே. தஞ்சை மராட்டிய மன்னர் குடும்பத்துப் பூசலில் அரியணையிழந்த சாகுஜி, உதவிக்கு ஈடாகக் காரைக்காலைத் தருவதாகப் புதுச்சேரி ஆளுநர் துமாவிடம் 1738-இல் ஒப்புக்கொண்டு, ஆட்சி திரும்பக் கிடைத்ததும் தயங்கினார். சந்தா சாகிப் இடையில் புகுந்து ஊரைப் பிடித்துக் கொடுக்க, 1739 பிப்ரவரியில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. 1760-இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். அதன்பின் பலமுறை கைமாறி, 1817-இல் பிரெஞ்சுக்காரரிடம் நிலையாகத் திரும்பியது. வடக்கே தரங்கம்பாடியில் டேனியர் 1845 வரை இருந்தனர். தெற்கே நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர் 1781 வரை இருந்தனர். காலையில் புறப்பட்டு மாலைக்குள் நடந்து கடக்கக்கூடிய ஒரு கடற்கரையில் மூன்று ஐரோப்பிய நாட்டவரின் சுங்கச்சாவடிகள் ஒரு காலத்தில் இருந்தன.

எங்கள் பாடநூலில் இவற்றுள் எதுவும் இல்லை. அப்போது காரைக்கால் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையே பின்பற்றின. வரலாற்று நூலில் கருநாடகப் போர்கள் வரும்; துய்ப்ளெக்ஸ் வருவார்; எங்கள் ஊர் வராது. தமிழ் நூலில் அம்மையார் வருவார், பாரதிதாசன் வருவார். பாரதிதாசன் 1909-இல் பதினெட்டு வயதில் முதன்முதலாகத் தமிழாசிரியராகப் பணியேற்றது நிரவியில் என்பதை எங்களுக்கு எவரும் சொல்லவில்லை. நிரவியிலிருந்து நாள்தோறும் நடந்துவந்த தோழி அதை அன்றுதான் அறிந்து, "முன்னமே தெரிஞ்சிருந்தா மனப்பாடப் பாட்டை ஒழுங்காப் படிச்சிருப்பேனே" என்றாள்.

பாரிசுத் தோழி சொன்ன செய்திதான் என்னைப் பெரிதும் அசைத்தது. அவள் மருத்துவமனை ஒன்றில் பணிபுரிகிறாள். உடன் பணிபுரியும் முதிய செவிலி ஒருவர் மார்த்தினிக் தீவிலிருந்து வந்தவர். தோற்றத்தில் ஆப்பிரிக்கச் சாயல். குடும்பப் பெயரோ வீராசாமி என்று நாம் படிக்கக்கூடிய பெயர். என் தோழி பிறந்த ஊரைக் கேட்டதும், அந்த அம்மையார் பிரெஞ்சு உச்சரிப்பில் "காரிக்கால்!" என்று எழுந்து நின்றுவிட்டாராம். தம் பாட்டனின் பாட்டன் அங்கேதான் கப்பலேறினார் என்று குடும்பத்தில் சொல்வார்கள், அப்படி ஓர் ஊர் மெய்யாகவே இருக்கிறதா என்று கேட்டாராம். ஊரின் படம் ஒன்று காட்டும்படி வேண்ட, தோழி தன் கைப்பேசியில் இருந்த கடற்கரைப் படத்தைக் காட்டியிருக்கிறாள். அவர் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை 1848-இல் ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் ஆகிய தீவுகளுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் ஏற்றப்பட்டனர். குவாதலூப்பின் முதல் கூலிக் கப்பலான 'ஒரேலி' 1854 டிசம்பர் 24 அன்று அங்குக் கரைசேர்ந்தது. 1861-இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்பாடு, பிரிட்டிஷ் இந்தியப் பகுதிகளிலும் ஆள் சேர்க்கப் பிரெஞ்சுக்காரருக்கு வழிசெய்தது. காரைக்காலைச் சூழ்ந்திருந்ததோ பஞ்சமும் பண்ணையடிமைமுறையும் உழவுக் கூலிகளை நெருக்கிய தஞ்சை மாவட்டம். எல்லை தாண்டினால் வேறு ஆட்சி, அங்கே ஒரு துறை, துறையில் கப்பல். ஆள்பிடிக்கும் மேஸ்திரிகளுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? ஐந்தாண்டு ஒப்பந்தம். கரீபியக் கடலுக்கு ஏறத்தாழ மூன்று மாதப் பயணம். இந்தியத் துறைகள் அனைத்திலுமிருந்து குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேரும் மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும் சென்றனர். அங்குள்ளோர் படும் துன்பம் பற்றிய முறையீடுகள் பெருகவே, பிரிட்டிஷ் இந்திய அரசு 1880-களில் இவ்வேற்றுமதியைத் தடைசெய்தது. திரும்பியவர் சிலரே.

இவர்களைப் பற்றிய பதிவேடுகள் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. பெயரை எழுதியவர் பிரெஞ்சு எழுத்தர். காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதினார். முத்துசாமியும் ராமசாமியும் தலைமுறை தோறும் ஒலி திரிந்து, பொருள் அறியப்படாத குடும்பப் பெயர்களாக நிலைத்தனர். ஏடு பெயரைச் சிதைத்த இடத்தில் நினைவு எதைக் காத்தது என்பதைப் பார்க்க வேண்டும். மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் மாரியம்மன் 'மாலியேமின்' என்ற பெயரில் இன்றும் வழிபடப்படுகிறாள். மதுரைவீரனும் அங்கு உள்ளான். எல்லாவற்றினும் வியப்பு, 'நாகூர்மிரா' என்று அவர்கள் வழிபடும் கடற்காவலர். நாகூர் மீரான் சாகிபு என்ற நம் நாகூர் ஆண்டவரே அவர். கொடிமரம் நட்டுக் கொடியேற்றி அவரை நினைக்கின்றனர். காரைக்கால் எல்லையான வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். கப்பலேறியவர் கண்ணுக்குக் கடைசியாகத் தெரிந்தவை அந்த மினாராக்களாகவும் இருந்திருக்கலாம். மொழியை இழந்தவர்கள் அவர் பெயரை இழக்கவில்லை.

அத்தீவில் அவர்கள் குடிமக்களாக ஏற்கப்படுவதற்கும் ஏட்டோடு போராட வேண்டியிருந்தது. இந்தியத் தாய்தந்தையர்க்குக் குவாதலூப்பில் பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பவர், அங்குப் பிறந்த இந்திய வம்சாவளியினரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கக் கோரி 1904-இல் தொடங்கிய வழக்கு 1923 வரை நீண்டு, முடிவில் வென்றது. அவர் பெயரை இங்கே எத்தனை பேர் அறிவோம்?

இனி, எங்கள் வகுப்பில் ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்த இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருத்தி மேற்சொன்ன பாரிசுத் தோழி. மற்றொருத்தி திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் தையல் பிரிவு மேற்பார்வையாளர். இருவரும் ஒன்றுவிட்ட சகோதரியர். அவர்களின் பாட்டனார்கள் உடன்பிறந்த அண்ணன் தம்பியர்.

மூத்தவர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவர். எங்கள் இளமையில் அவரை 'சொல்தா தாத்தா' என்றே அழைப்போம். சொல்தா என்றால் பிரெஞ்சு மொழியில் படைவீரர். ஆண்டுதோறும் ஜூலை 14 அன்று சலவைச் சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு புறப்படுவார். எங்களுக்குச் சாக்லேட்டு கிடைக்கும். அது பிரான்சின் தேசிய நாள் என்பதோ, 1789-இல் பாரிசில் ஒரு சிறைக்கோட்டை தகர்க்கப்பட்டதன் நினைவு என்பதோ எங்களுக்குத் தெரியாது. சாக்லேட்டு நாள் என்பதே தெரியும். அன்று மாடியில் கூடியிருந்தோர் அனைவருக்கும் அந்தச் சாக்லேட்டின் தாள் நிறம் நினைவிருந்தது. ஆனால் ஆளுக்கொரு நிறம் சொன்னார்கள்.

இளையவர் ஊரில் நிலம் பார்த்துக்கொண்டிருந்தார். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் புதுவை, காரைக்கால் மக்கட் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. ஆனால் சட்டப்படியான ஒப்படைப்பு உடனே நிகழவில்லை. 1956 மே 28-இல் கையெழுத்தான ஒப்பந்தம், பிரெஞ்சு நாடாளுமன்றம் இசைவளித்த பின்னரே, 1962 ஆகஸ்டு 16-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் குடியுரிமைப் பிரிவுகள் இவ்விரு குடும்பங்களின் வாழ்க்கையையே வகுத்தன. இப்பகுதியில் பிறந்து இங்கேயே வாழ்ந்துகொண்டிருந்த பிரெஞ்சுக் குடிகள் அனைவரும் இந்தியக் குடிமக்கள் ஆவர். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்போர் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். இங்கே பிறந்து, இந்தியாவுக்கு வெளியே வாழ்வோருக்கு அந்த எழுத்தும் தேவையில்லை. அவர்கள் பிரெஞ்சுக் குடிகளாகவே தொடர்வர். அண்ணன் அப்போது அல்சீரியாவில் இருந்தார். ஒன்றும் செய்யாமலே பிரெஞ்சுக்காரராகத் தொடர்ந்தார். தம்பி ஒன்றும் செய்யாமலே இந்தியரானார்.

ஆகஸ்டு நடு முதல் பிப்ரவரி நடு வரை ஆறு மாதம். டெல்டாவில் அது சம்பா நடவு தொடங்கி அறுவடை முடியும் காலம். "எங்க தாத்தா நடவுல நின்னாரு. கையெழுத்துப் போடணும்னு யாரோ வந்து சொன்னப்ப, அறுப்பு முடியட்டும்னாராம். அறுப்பும் முடிஞ்சுது, கெடுவும் முடிஞ்சுது" என்றாள் திருப்பூர்த் தோழி. அவர் மறந்துவிட்டாரா, விரும்பியே விட்டுவிட்டாரா என்பதில் அவர்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி உண்டு. விடுதலைக்குப் பாடுபட்ட கூட்டத்தோடு பழகியவர், வேண்டுமென்றேதான் போடவில்லை என்பாராம் அவள் தந்தையார். பாட்டியோ, சோம்பல்தான் என்று சாகும்வரை சொன்னாராம். பிரெஞ்சு இந்தியப் பகுதிகள் அனைத்திலும் எழுதிக் கொடுத்துக் குடியுரிமையைத் தக்கவைத்தோர் சுமார் 5,000 பேர். எழுதிக் கொடுத்தோரை ஏடு சொல்கிறது. எழுதாமல் விட்டவர் ஒவ்வொருவரும் ஏன் எழுதவில்லை என்பதை எந்த ஏடும் சொல்லாது. அது அவரவர் வீட்டுத் திண்ணையில்தான் கிடக்கிறது; திண்ணைகளும் இடிக்கப்பட்டு வருகின்றன.

ஒரு பெஞ்சில் அமர்ந்து ஒரே புத்தகத்தைப் பங்கிட்டுப் படித்த இருவர். மேல்நிலைத் தேர்வில் திருப்பூர்த் தோழி பெற்ற மதிப்பெண்ணே அதிகம். "என் புள்ளைக்கு விசா கேட்டு மூணு தடவை விண்ணப்பம் போட்டேன்" என்று அவள் சொன்னபோது பாரிசுத் தோழி தலைகுனிந்திருந்தாள். பிறகு இருவருமே எழுந்து சமையலறைக்குப் போய் எல்லாருக்கும் தேநீர் போட்டுவந்தனர்.

இவ்வூரில் காகிதம் தலைவிதியாவது அதுவே முதன்முறையன்று. 1881 செப்டம்பர் 21-ஆம் நாளிட்ட ஆணை, தம் சாதி, சமய வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்க விரும்பும் இந்தியருக்கு வழிசெய்தது. துறந்தவர்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து பதிய வேண்டும். பதிந்தால் மீள இயலாது. புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை கதவு எனப் பொருள்படும் 'லா போர்த்' என்ற பெயரைச் சூடினார். 1873-இல் காலணியோடு நீதிமன்றத்துக்கு வந்தார் என்று தடுக்கப்பட்டவர் அவரே. கிறித்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் பெருமளவில் இவ்வழியே நுழைந்தனர். சைகோனில் காவல்துறை, வரிவசூல், அலுவலகப் பணி என்று அவர்களுக்கு வாயில் திறந்தது. எனினும் 1884-இல் வாக்காளரை ஐரோப்பியர், துறந்தவர், துறவாதவர் என மூன்று பட்டியலாகப் பிரித்தனர். சமத்துவம் பேசிய குடியரசின் கீழ் மூன்று பட்டியல்! "பிரெஞ்சுக்காரன் காலத்துல நம்ம ஊரு எப்படி இருந்துச்சு தெரியுமா" என்று தொடங்கும் பேச்சு அன்றும் எழுந்தது. எங்களுள் எவரும் அக்காலத்தைக் கண்டவரல்லர். எங்கள் பெற்றோருள் பலரும் அன்று குழந்தைகள். கண்டிராத காலத்தின் மீது கொள்ளும் ஏக்கத்தை நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன். சட்டையில் விழுந்த கரியாவது அக்காளுடையது. இது யாருடையது?

பிற்பகல் மூன்று மணிக்குமேல் வந்து சேர்ந்தாள் கிளிஞ்சல்மேட்டுத் தோழி. மீன்பிடித் துறைமுகத்தில் கணக்கெழுதுகிறாள். ஏலக்கணக்கு முடித்துவிட்டு வரத் தாமதம். அவள் வந்தபோது நாங்கள் கடற்கரைக்குச் சுற்றுலா போனதைப் பேசிக்கொண்டிருந்தோம். கடலில் கால் நனைத்தது, ஒருத்தியின் செருப்பு அலையோடு போனது, கலங்கரை விளக்கின் நிழலில் உண்டது. அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "நீங்கல்லாம் கடற்கரைக்குப் போனீங்க. எங்களுக்கு அது கடற்கரை இல்லடி, வாசல்."

காரைக்கால் மாவட்டத்தின் கரையில் பதினொரு மீனவ ஊர்கள் உள்ளன. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை வந்த ஆழிப்பேரலையில் அவ்வூர்களில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கிளிஞ்சல்மேட்டில் இழப்பு மிகுதி. என் தோழி அன்று தாயை இழந்தாள். அதுபற்றி அவள் ஒரு வாக்கியத்துக்குமேல் பேசவில்லை, நானும் எழுதவில்லை. திருமலைராயன்பட்டினம் மண்மாரியால் அழியக் காளமேகப் புலவர் பாடினார் என்ற கதையை எங்கள் தமிழாசிரியை நகைச்சுவையோடு சொல்வார். நானும் என் வகுப்புகளில் அவ்வாறே சொல்லிவந்தேன். அந்த ஆண்டுக்குப்பின் அக்கதையைச் சிரித்துச் சொல்ல என்னால் இயலவில்லை.

அவள் அன்று கூட்டத்துக்கு வந்ததற்குக் காரணம் ஒன்றிருந்தது. அவளது பள்ளிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாம் நீரோடு போயின. அவற்றுக்கு மறுபடி வாங்கிவிட்டாள். வகுப்பின் குழுப்படமும் அந்தப் பெட்டியில்தான் இருந்தது. படத்துக்கு மறுபடி கொடுக்கும் அலுவலகம் எங்கும் இல்லை. அது தவிர, தன் இளமைக்கால உருவம் பதிந்த படம் அவளிடம் வேறொன்றும் கிடையாது. "எம் மக கேக்குறா, நீ பொண்ணா இருக்கறப்ப எப்படிம்மா இருந்தேன்னு. என்னத்தக் காட்டறது?"

எங்களுள் எத்தனை பேர் அப்படத்தைப் பாதுகாத்தோம் என்று பார்த்தால் வெட்கமாக இருந்தது. ஊரை நினைத்து உருகுவோம் என்று ஒவ்வொருவரும் மாறி மாறிச் சொன்ன அந்த மாடியில், படம் வைத்திருந்தவள் ஒரே ஒருத்தி. பாரிசுத் தோழிதான் அதைக் கொண்டுவந்திருந்தாள். கடல் கடந்து போன படம் ஓர் ஓரம்கூட மடங்காமல் இருந்தது. உடனே ஓர் இளைஞரை அனுப்பிக் கடையில் பெரிதாகப் பிரதி எடுத்துவரச் செய்தோம்.

பிரதி வந்ததும் அதன் பின்புறத்தில் பெயர்களை எழுதத் தொடங்கினோம். முன்வரிசை எளிதில் முடிந்தது. இரண்டாம் வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக, முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள். அவள் பெயர் எவருக்கும் வரவில்லை. திருமலைராயன்பட்டினம் பேருந்தில் வருவாள் என்றாள் ஒருத்தி. நன்றாகப் பாடுவாள் என்றாள் மற்றொருத்தி. தேர்வு எழுதுமுன்பே திருமணம் ஆயிற்று என்றாள் இன்னொருத்தி. நான் அவளிடம் இரவல் வாங்கிய வடிவியற் பெட்டியைத் திருப்பித் தரவில்லை என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. பெயர் மட்டும் வரவில்லை. அதற்கு முந்தைய வாரம் பள்ளிக்குச் சென்று பழைய வருகைப் பதிவேடுகள் பற்றி நான் கேட்டிருந்தேன். அவ்வளவு பழையவை இருப்பில் இல்லை என்று விடை கிடைத்திருந்தது. 1854-இல் கப்பலேறியவரின் பட்டியலைத் தேடிப் படிக்க வாய்ப்புண்டு. 1997-இல் என் பக்கத்தில் நின்றவளின் பெயரைக் கண்டுபிடிக்க வழியில்லை. அவ்விடத்தைக் காலியாக விட்டுப் படத்தைக் கிளிஞ்சல்மேட்டுத் தோழியிடம் கொடுத்தோம். மாலையில் கலைந்தோம்.

இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. அவள்தான் அழைத்தாள். மகளிடம் படத்தைக் காட்டிவிட்டுப் படுத்திருக்கிறாள். உறக்கம் வரவில்லை. காலையில் ஆசிரியை வருகைப் பதிவு எடுக்கும் ஒழுங்கிலேயே முதல் பெயரிலிருந்து மனத்துக்குள் சொல்லிக்கொண்டே வந்தாளாம். ஒவ்வொரு பெயருக்கும் "உள்ளேன் அம்மா" என்று தானே விடை சொன்னாளாம். "இருபத்தேழாவது வந்தப்ப நாக்குல தானா வந்துடுச்சுடி" என்று அந்தப் பெயரைச் சொன்னாள். பிறகு, நான் கேட்காமலே, 41 பெயர்களையும் அதே ஒழுங்கில் சொல்லத் தொடங்கினாள். விளக்கைப் போட்டுக் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்.